வீட்டுத்தோட்டப் பூச்சிகளுக்குக் கைமருந்து: வன்னி வளவுகளுக்குச் சில குறிப்புகள்

இலங்கையின் வடக்கே வன்னியில் வீட்டுத்தோட்டம் செய்கிறவர்கள் பூச்சிக்கு மருந்து தேடத் தொடங்குவது பெரும்பாலும் கத்தரி இலை சல்லடைக் கண்ணாகிப் போன பிறகுதான். கைமருந்தைப் பொறுத்தவரை அது காலம் கடந்த தேடல். அதன் முதன்மையான சரக்கு, தோட்டம் வெறுமையாகக் கிடக்கும் ஆனி, ஆடி மாதங்களில், சோளகக் காற்று அடித்துக்கொண்டிருக்கும்போது, வேப்பமரங்களின் கீழே மஞ்சளாக உதிர்ந்து, முற்றத்துக் குப்பையோடு கூட்டி எரிக்கப்பட்டுவிடுகிறது. காலபோக மழையோடு கத்தரி, மிளகாய், வெண்டி, பயற்றை, பாகல், புடோல் என்று நட நினைப்பவர் அந்த வேப்பம்பழத்தைக் கோடையிலேயே பொறுக்கிப் பதப்படுத்தி வைத்திருந்தால், பாதி வேலை முடிந்துவிட்டது என்றே கொள்ளலாம்.

2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயன உரங்களுக்கும் பூச்சிகொல்லிகளுக்கும் இறக்குமதித் தடை வந்து, அதே ஆண்டு நவம்பரில் அது விலக்கப்படும் வரையில், எங்கள் ஊர்களில் கைபேசிக்குக் கைபேசி விதவிதமான செய்முறைகள் பரவின. உள்ளி, மிளகாய், புகையிலை, மண்ணெண்ணெய், சலவைத்தூள், மாட்டுச் சலம் என்று கையில் அகப்பட்டதையெல்லாம் கரைத்து அடித்தோம். சில பலன் தந்தன; சில பயிரையே கருக்கின; பல ஒன்றுமே செய்யவில்லை. பலன் தராதவற்றைப் பின்னர் எண்ணிப் பார்த்தபோது, மருந்து பொய்யானது என்பதை விட, எந்தப் பூச்சிக்கு, எந்த நேரத்தில், எந்தத் தண்ணீரில் கலந்து அடித்தோம் என்பதில்தான் பிழை இருந்தது என்பது எனக்குப் புலப்பட்டது. ஆகவே செய்முறைக்கு முன்னர் பூச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இலையைத் திருப்பிப் பார்த்தல்

காலையில் தண்ணீர் இறைக்கும்போதே ஒவ்வொரு பாத்தியிலும் நான்கைந்து செடிகளின் இலையை அடிப்பக்கம் திருப்பிப் பார்க்கும் பழக்கம் எந்த மருந்தையும் விட மேலானது. அழுக்கணவன் (அசுவினி), வெள்ளை ஈ, பனிப்பூச்சி (இலைப்பேன்), சிற்றுண்ணி ஆகிய எல்லாம் பெரும்பாலும் இலையின் அடியிலேயே குடியிருக்கின்றன. முட்டைக் கூட்டங்களும் அங்கேதான் ஒட்டப்படுகின்றன. பார்த்தவுடன் அது கடித்து உண்பதா, சாறு உறிஞ்சுவதா, உள்ளே துளைத்து வாழ்வதா என்று பிரித்தறிய வேண்டும். கடித்து உண்ணும் புழுவுக்கும் வண்டுக்கும் இலையின்மேல் கசப்பு ஏற வேண்டும். சாறு உறிஞ்சும் மென்னுடல் பூச்சியின் உடம்பில் மருந்து நேரே பட வேண்டும். துளைத்து உள்ளே போனதற்கு வெளியே எதை அடித்தாலும் பயனில்லை. இந்த மூன்றையும் குழப்பிக்கொள்வதால்தான் நல்ல மருந்தும் கெட்ட பெயர் எடுக்கிறது.

மிளகாய் இலை சுருள்வதை எடுத்துக்கொள்வோம். எல்லாச் சுருளலையும் ஒரே நோய் என்று எண்ணி ஒரே கரைசலை அடிப்பது வழக்கம். இலையின் ஓரங்கள் மேல்நோக்கி வள்ளம் போல மடிந்தால் அது பெரும்பாலும் பனிப்பூச்சியின் வேலை. கீழ்நோக்கி, கவிழ்த்த வள்ளம் போல மடிந்து காம்பும் நீண்டால் அது சிற்றுண்ணி. சிற்றுண்ணி பூச்சி இனமே அன்று; எட்டுக் கால்களுடைய, சிலந்திக்கு உறவான உயிர். பனிப்பூச்சிக்கு வேப்பங்கொட்டைச் சாறு போதுமானதாக இருக்கும் இடத்தில், சிற்றுண்ணிக்குச் சுருண்ட நுனிகளைக் கிள்ளி அகற்றிவிட்டு, இலையின் அடிப்பக்கம் நனையும்படி சவர்க்காரம் கலந்த வேப்பெண்ணெயை அடிக்க வேண்டும்.

கத்தரியில் இன்னொரு மயக்கம் உண்டு. பொறிவண்டு நண்பன் என்று படித்தவர்கள், இலையைச் சுரண்டி நரம்பை மட்டும் மிச்சம் வைக்கும் புள்ளி வண்டையும் பொறிவண்டு என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். உருவத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். நன்மை செய்யும் பொறிவண்டின் முதுகு எண்ணெய் பூசியது போல மினுங்கும். கத்தரியை உண்ணும் வண்டு மங்கலான செம்மண் நிறமும், நுண்ணிய மயிரும், இருபதுக்கு மேற்பட்ட கறுப்புப் புள்ளிகளும் கொண்டது; அதன் குடம்பி (புழுப்பருவம்) மஞ்சளாக, உடலெங்கும் முள் முள்ளாக இருக்கும். ஒரு வீட்டுத் தோட்டத்தில் இருபது கத்தரி நிற்கிறதென்றால், இந்த வண்டுக்கு மருந்தே தேவையில்லை. சவர்க்காரத் தண்ணீர் ஊற்றிய ஒரு சிரட்டையைக் கையில் வைத்துக்கொண்டு காலையில் வண்டையும் குடம்பியையும் அதற்குள் தட்டிவிட்டு, இலையடியில் நிறுத்தி வைத்தது போல நிற்கும் மஞ்சள் முட்டைக் கூட்டத்தை இலைத்துண்டோடு கிள்ளி எடுத்தால், பத்து நாளில் தொல்லை பெருமளவு குறைந்துவிடும்.

வேப்பங்கொட்டை

வேம்பில் மருந்துத்தன்மை இலையிலும் பட்டையிலும் உண்டாயினும், அது மிகுதியாகச் செறிந்திருப்பது கொட்டைக்குள் இருக்கும் பருப்பில்தான். அசடிராக்டின் என்ற அந்தக் கசப்புப் பொருள் இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒன்று, அது படிந்த இலையைப் புழு விரும்பி உண்பதில்லை. மற்றது, உண்டுவிட்ட புழு தன் தோலை உரித்து அடுத்த பருவத்துக்குப் போகமுடியாமல் தேங்கி மடிகிறது. இதனால் வேம்பு அடித்த அன்று மாலையே புழு செத்து விழுமென்று எதிர்பார்க்கலாகாது. எங்கள் பக்கத்து வளவு மாமி ஒருமுறை, “மருந்தடிச்சு இரண்டு நாளாச்சு, புழு அப்பிடியே இருக்குது தம்பி” என்று குறைப்பட்டார். புழு இருந்தது உண்மைதான். ஆனால் இலையில் புதிய கடி ஒன்றுமில்லை என்பதைத் திருப்பிக் காட்டிய பிறகுதான் அவருக்கு நம்பிக்கை வந்தது. நான்கைந்து நாள்கள் பொறுத்து, புதிய சேதம் உண்டா என்று பார்ப்பதே சரியான மதிப்பீடு.

பழுத்து உதிர்ந்த பழத்தை அன்றன்று பொறுக்க வேண்டும். ஈர மண்ணில் பல நாள் கிடந்தால் பூஞ்சணம் பிடிக்கும். வாளித் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்துப் பிசைந்தால் சதை கழன்றுவிடும். கழுவிய கொட்டையைச் சுளகிலோ பாயிலோ பரப்பி, முதல் நாள் சிறிது வெயிலிலும் பின்னர் நிழலிலுமாக, குலுக்கினால் பருப்பு உள்ளே கலகலக்கும் வரை உலர்த்த வேண்டும். கடும் வெயிலில் நாள்கணக்காகப் போட்டால் மருந்துத்தன்மை குறைந்துவிடும். உலர்ந்ததைச் சாக்கிலோ ஓலைப்பெட்டியிலோ காற்றுப்படும்படி சேமிக்க வேண்டுமேயன்றி, பொலித்தீன் பையில் இறுகக் கட்டி வைக்கக் கூடாது. அப்படிக் கட்டி வைத்த ஒரு பை முழுவதும் ஒரு மாதத்தில் பச்சைப் பூஞ்சணமாக மாறியதை நான் கண்டிருக்கிறேன். அத்தகைய கொட்டையை மருந்துக்கு எடுக்காமல் புதைத்துவிடுவதே நல்லது. ஒழுங்காகச் சேமித்தது அடுத்த பழக்காலம் வரும்வரை பயன்படும். ஆண்டைக் கடந்ததை நம்ப வேண்டாம்.

சாறு எடுக்கும்போது கொட்டையை மெல்ல இடித்து, புடைத்து, ஓட்டை நீக்கிய பருப்பையே நிறுக்க வேண்டும். ஒரு லீற்றர் தண்ணீருக்கு 50 கிராம் பருப்பு என்பது கணக்கு. பத்து லீற்றர் கொள்ளும் தெளிகருவிக்கு அரைக் கிலோ. ஓட்டோடு இடிப்பதாயின் ஏறக்குறைய இருமடங்கு எடுக்கலாம், ஏனெனில் உலர்ந்த கொட்டையில் பாதி அளவு ஓடுதான். உரலில் கரடுமுரடான மாவாக இடிக்க வேண்டும். எண்ணெய் கசியும் அளவுக்கு இடித்தால் கரைசல் வடிகட்டும் துணியை அடைத்துக்கொள்ளும். இடித்ததைத் துணியில் பொட்டலமாகக் கட்டி, மாலையில் தண்ணீரில் போட்டு மூடி வைத்து, மறுநாள் அந்தப் பொட்டலத்தைத் திரும்பத் திரும்பப் பிழிந்தால் பால்போன்ற மங்கல் வெண்மை நிறத்தில் சாறு இறங்கும். பழைய வேட்டித் துண்டை இரண்டாக மடித்து வடிகட்டி, கரைத்த சவர்க்காரம் சிறிது சேர்த்தால், மெழுகுப் பூச்சுள்ள இலையிலும் அது வழுகாமல் படியும். பிழிந்த சக்கையை வீச வேண்டியதில்லை. அதைக் கத்தரியின் அடியில் மண்ணோடு கலந்துவிடலாம்.

சாற்றை எடுத்த அன்றே அடித்து முடிக்க வேண்டும். வெயில் அசடிராக்டினைச் சிதைப்பதால், பொழுது சாயும் நேரமே அடிப்பதற்கு உகந்தது. அவ்வேளையில் தேனீக்களும் பூவை விட்டுப் போயிருக்கும். காலையில் விரியும் பூசணி, பாகல் பூக்கள் மதியத்தோடு சுருங்கிவிடுவதால் மாலைத் தெளிப்பு அவற்றுக்கு இடைஞ்சல் செய்யாது. புடோல் இதற்கு விலக்கு: அதன் நூல் நூலான வெள்ளைப் பூ பொழுதுபட்ட பிறகுதான் விரிகிறது, இரவில் வரும் அந்துப்பூச்சியை நம்பியே காய்க்கிறது, எனவே புடோல் பந்தலில் பூவை விட்டு இலையை மட்டும் நனைக்க வேண்டும். ஏழு நாளுக்கு ஒருமுறை என்று மூன்று தடவை அடிப்பது வழக்கம். இடையில் மழை கழுவினால் மறுபடி அடிக்க வேண்டும்.

கொட்டை சேர்த்து வைக்காதவர்களுக்குக் கடையில் விற்கும் வேப்பெண்ணெய் உண்டு. ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது ஏறக்குறைய 5 மில்லிலீற்றர் போதும். “கொஞ்சம் கூட விட்டால் நல்லாய் வேலை செய்யும்” என்ற எண்ணமே பல வளவுகளில் இலையைக் கருக்கியிருக்கிறது. எண்ணெயைத் தண்ணீரில் நேரடியாக ஊற்றினால் அது மேலே மிதக்கும். மிதந்த எண்ணெய் தெளிகருவியில் கடைசியாக வரும்போது கடைசி நான்கு செடிகள் எரிந்துபோகும். வெதுவெதுப்பான சிறிதளவு தண்ணீரில் சவர்க்காரத்தை முதலில் கரைத்து, அதில் எண்ணெயை விட்டு, போத்தலில் மூடிக் குலுக்கி, பால்போல வெளுத்த பிறகே மிகுதித் தண்ணீரில் கலக்க வேண்டும். அடிக்கும்போதும் இடையிடையே குலுக்க வேண்டும். வேப்பெண்ணெய் சிறு குழந்தைகளின் வயிற்றுக்குள் போனால் ஆபத்தானது. அந்தப் போத்தலைச் சமையலறைத் தட்டில் வைக்கக் கூடாது.

வேப்பங்குழையை இடித்து ஊறவைத்த சாறும் பயன்படும். ஆனால் அது மெலிந்த மருந்து. பூச்சி வரும் முன் விரட்டியாக அடிக்கலாம். வந்து குடியேறிய பிறகு அதை நம்பியிருக்க முடியாது.

சவர்க்காரமும் கிணற்றுத் தண்ணீரும்

அழுக்கணவன், வெள்ளை ஈயின் குஞ்சு, வெண்மூட்டுப்பூச்சி (மாவுப்பூச்சி) போன்ற மென்னுடல் பூச்சிகளுக்குச் சவர்க்காரக் கரைசலே மலிவானதும் விரைவானதும் ஆகும். அது நஞ்சூட்டிக் கொல்வதன்று. பூச்சியின் உடலை மூடியிருக்கும் மெழுகுப் படையைக் குலைத்து, உடம்பின் நீர் வற்றச் செய்து கொல்கிறது. ஆகையால் ஈரமாக இருக்கும் வரையில்தான் அதற்கு வேலை. பூச்சியின்மேல் படாத துளி வீண்; காய்ந்த பின் வந்து உட்காரும் பூச்சிக்கு அதனால் ஒரு தீங்குமில்லை. இலையின் அடிப்பக்கம் சொட்டச் சொட்ட நனைவதும், விரைவில் காயாத காலை அல்லது மாலைப்பொழுதாக இருப்பதும் இதனால்தான் அவசியமாகின்றன.

துணி தோய்க்கும் கட்டிச் சவர்க்காரத்தைச் சீவி, லீற்றருக்கு 5 கிராம் அளவில் கரைத்தால் போதும். 100 கிராம் கட்டி ஒன்று 20 லீற்றருக்குக் காணும். சலவைத்தூளை எடுக்கக் கூடாது. அதில் இருப்பது சவர்க்காரமன்று, அழுக்கு நீக்கும் வேறு பொருள்களும் காரமும். அவசரத்தில் ஒருமுறை நான் ஒரு பிடித் தூளை வாளியில் கரைத்துப் பயற்றைக் கொடிக்கு அடித்தேன். அழுக்கணவனும் செத்தது, மூன்றாம் நாள் கொடியின் தளிரெல்லாம் காய்ந்து காகிதமாயிற்று. எந்தக் கரைசலையும் முதலில் இரண்டு மூன்று இலைகளில் மட்டும் அடித்து ஒருநாள் பார்த்துவிட்டுப் பின்னரே செடி முழுவதற்கும் அடிக்கும் வழக்கம் அந்தப் பயற்றைக் கொடியால்தான் எனக்கு வந்தது.

எங்கள் பகுதியில் பலரும் கவனிக்காத ஒரு செய்தி தண்ணீரைப் பற்றியது. வன்னியின் பல கிணறுகளில் இருப்பது வன்னீர். குளிக்கும்போது சவர்க்காரம் நுரைக்காமல், தலைமயிரில் பிசுபிசுப்பாக ஒட்டுவதும், கேத்தலின் அடியில் வெள்ளையாகக் கல் படிவதும் அதன் அடையாளங்கள். தண்ணீரிலுள்ள கல்சியமும் மகனீசியமும் சவர்க்காரத்தோடு சேர்ந்து தயிர்த் திரள் போன்ற கசடாகிவிடுவதால், பூச்சியைக் கொல்லச் சவர்க்காரம் மிஞ்சுவதில்லை. அளவைக் கூட்டினால் கசடுதான் கூடும். தெளிகருவியின் வாயும் அடைபடும். ஒரு போத்தலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் விட்டு, சீவிய சவர்க்காரம் சிறிது போட்டுக் குலுக்கிப் பாருங்கள்: நிலைத்த நுரை எழுந்தால் அந்தத் தண்ணீர் ஆகும், நுரை அடங்கித் திரள் மிதந்தால் ஆகாது. மழைத்தண்ணீரைப் பீலியில் பிடித்து ஒரு பரலில் மூடி வைத்திருப்பதே இதற்குச் சிறந்த வழி. அது இல்லாதபோது கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, அடியில் படிந்த வெண்கசடு கலங்காமல் தெளிவை மட்டும் எடுத்தால், கடுமையின் ஒரு பகுதியாவது குறையும்.

எறும்பு, பப்பாசி, செவ்வரத்தை

அழுக்கணவனும் வெண்மூட்டுப்பூச்சியும் கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அவற்றைக் காவல் காக்கின்றன. தின்ன வரும் பொறிவண்டின் குடம்பியையும் கடித்து விரட்டுகின்றன. செடியில் எறும்பு வரிசையாக ஏறுவதைக் கண்டால், மேலே எங்கோ உறிஞ்சும் பூச்சி இருக்கிறது என்று பொருள். பப்பாசி, தேசி, செவ்வரத்தை போன்றவற்றின் தண்டைச் சுற்றி, கிறீஸ் தடவிய சீலைத்துண்டு ஒன்றைக் கட்டி எறும்பின் வழியை அடைத்தால், மருந்தடிக்கும் தேவையே பாதியாகக் குறைந்துவிடும். கிறீசைப் பட்டையில் நேரே பூசுவது மரத்துக்கு நல்லதன்று. மாமரத்தில் கூடு கட்டும் முசுறு இந்தக் கணக்கில் அடங்காது. கடித்தாலும், பல புழுக்களைத் தூக்கிக்கொண்டு போகும் உதவியாளர் அது.

பப்பாசியிலும் மரவள்ளியிலும் பஞ்சு அப்பியது போலத் தெரியும் வெண்மூட்டுப்பூச்சி இலங்கையில் 2008இல் கண்டறியப்பட்டது. மருந்துகளுக்கு அடங்காத அதனை ஒடுக்குவதற்காக 2009இல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டது ஒரு மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவி. கண்ணுக்கு அரிதாகவே தென்படும் அந்தக் குளவி நம் வளவிலும் இருக்கலாம் என்பதை நினைவிற்கொண்டு, மரம் முழுவதையும் நனைக்காமல், பூச்சி அப்பிய இடத்தை மட்டும் தண்ணீரைப் பீச்சிக் கழுவி, பின் சவர்க்காரக் கரைசலைப் பூச்சியின்மேல் தூரிகையால் தேய்ப்பதையே நான் விரும்புவேன். செவ்வரத்தையில் வந்தால் நுனிகளை வெட்டி எரித்துவிட்டால் போதும், அது மறுபடி தழைத்துவிடும்.

கறிவேப்பிலையிலும் தேசியிலும் இலையின்மேல் பறவை எச்சம் போலக் கிடந்து, வளர்ந்தபின் பச்சையாக மாறும் புழு வண்ணத்துப்பூச்சியின் புழு. அதைக் கையால் எடுத்துவிடுங்கள். கறிக்குக் கிள்ளும் இலையில் வேப்பெண்ணெய் மணக்க வேண்டிய அவசியமில்லை.

மருந்து எட்டாத இடங்கள்

கத்தரியின் இளந்தண்டு ஒன்று மட்டும் நண்பகலில் தலை தொங்கி வாடினால், தண்டுக்குள் துளைப்பான் புழு இருக்கிறது. மற்றத் தண்டுகள் நிமிர்ந்திருக்கும்போது ஒன்று மட்டும் வாடுவதே அறிகுறி. வாடிய இடத்துக்கு ஓர் அங்குலம் கீழே வெட்டி, உடனே எரிக்கவோ சவர்க்காரத் தண்ணீரில் அமிழ்த்தவோ வேண்டும். வெட்டியதைப் பாத்தியோரம் போட்டால் புழு இறங்கிச் சருகுக்குள் கூடு கட்டி, அந்துப்பூச்சியாகத் திரும்பி வரும். துளைத்த காய்க்கும் இதே விதி. முதல் தண்டு வாடிய வாரத்திலேயே தொடங்கி, வாரம் இருமுறை வெட்டி வந்தவர்களின் பாத்தியில் காய் தப்புவதைக் கண்டிருக்கிறேன். காய் துளைபட்ட பிறகு தொடங்கியவர்களுக்கு அந்தப் போகம் பெரும்பாலும் கைநழுவிவிடும்.

பாகல், புடோல், பீர்க்கு ஆகியவற்றில் பழ ஈ, பிஞ்சின் தோலைக் குத்தி முட்டையிடும். காய் அந்த இடத்தில் கோணி, மஞ்சளாகி, உள்ளே புழு நெளியும். இதற்கு உறை போடுவதே உறுதியான வழி. பூ வாடி, பிஞ்சு விரல் நீளம் ஆனவுடன், பழைய பத்திரிகைத் தாளை நீளக் குழலாக ஒட்டி மாட்டி, மேல்வாயைக் காம்போடு நூலால் கட்ட வேண்டும். புடோலங்காய் நேராக வளர நுனியில் கல்லைக் கட்டித் தொங்கவிடுகிறவர்கள், கல் கட்டும் நாளிலேயே உறையையும் போட்டுவிடலாம். கெட்டு விழுந்த காய்களைக் கறுப்புப் பொலித்தீன் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் வெயிலில் வைத்தால் உள்ளிருக்கும் புழு வெந்துவிடும். எருக்குழியில் போட்டால் அங்கேயே ஈ பெருகும். துளசியைக் கசக்கிப் பொறி வைக்கும் முறை மாமரத்து ஈயின் ஆணைக் கவரும், ஏனெனில் துளசியில் மீதைல் இயூஜினோல் என்ற மணப்பொருள் உண்டு. பாகலைத் தாக்கும் ஈயினத்துக்கு அந்த மணத்தில் நாட்டமில்லை. துளசிப் பொறி வைத்தும் பாகற்காய் அழுகியது என்போரின் குறைக்குக் காரணம் இதுவே.

உள்ளி, சாம்பல், மற்றும் நான் தவிர்ப்பவை

உள்ளி 50 கிராம், பச்சை மிளகாய் 50 கிராம், இஞ்சி 25 கிராம் ஆகியவற்றை அம்மியில் அரைத்து, ஒரு லீற்றர் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து வடித்து, ஐந்து லீற்றராக்கிச் சிறிது சவர்க்காரம் சேர்த்து அடிப்பது எல்லோரும் அறிந்த முறை. அது மணத்தாலும் உறைப்பாலும் விரட்டுமேயன்றிக் கொல்வதில்லை. இரண்டு மூன்று நாளில் மணம் போய்விடும். உள்ளி விற்கும் விலையில், கறிக்குப் போட வேண்டியதைச் செடிக்கு ஊற்றுவது எனக்குக் கட்டுப்படியாகவில்லை.

விறகடுப்புச் சாம்பல், பூசணியின் முதல் இலைகளை உண்ணும் செம்மஞ்சள் வண்டுக்கு நன்று. சலித்த சாம்பலைப் பனி காயாத காலையில் இலையில் தூவினால் ஒட்டிக்கொள்ளும். நாற்று ஐந்தாறு இலை விட்டுத் தேறும்வரை தூவினால் போதும்; சாம்பல் காரத்தன்மை உடையதாகையால் ஒரே இடத்தில் குவிக்கக் கூடாது. வெள்ளை ஈக்கும் சிறகு முளைத்த அழுக்கணவனுக்கும் மஞ்சள் பூசிய தகரத்துண்டில் விளக்கெண்ணெயோ கிறீசோ தடவி, செடியின் நுனிமட்டத்தில் கட்டிவைக்கலாம். அதனால் பூச்சி அழிந்துவிடாது, ஆனால் வந்துவிட்டது என்பதை முதல் நாளே அறியலாம். வெண்டியில் நரம்பு மஞ்சளித்த செடியைப் பிடுங்கி எரித்துவிடுவதைத் தவிர வேறு மருந்தில்லை. அது வெள்ளை ஈ கொண்டுவரும் வைரசு.

புகையிலைக் கஷாயத்தைப் பலர் இன்னும் புகழ்கிறார்கள். அது அடித்தவுடன் கொல்லும் என்பதும் உண்மை. அதிலுள்ள நிக்கொட்டீன் பூச்சிக்கு நஞ்சாவது போலவே, தோலின் ஊடாக ஊறி அடிக்கிறவருக்கும் நஞ்சாகும். தேனீயையும் பொறிவண்டையும் அது விட்டுவைப்பதில்லை. அத்தோடு, புகையிலையில் இருக்கக்கூடிய தேமல் வைரசு தக்காளி, மிளகாய், கத்தரி ஆகிய அதன் உறவுப் பயிர்களுக்குத் தொற்றும். சுருட்டுத் துண்டு ஊறிய தண்ணீரைத் தக்காளிக்கு ஊற்றுவது, பூச்சியைத் துரத்தி நோயை அழைப்பதாக முடியலாம். வீட்டில் செய்தது என்பதாலேயே ஒரு மருந்து தீங்கற்றது ஆகிவிடாது. அன்னமுன்னா விதைத்தூளும் எருக்கலைப் பாலும் இதே வகை. இரண்டும் கண்ணில் பட்டால் கண்ணையே கெடுக்கும். எந்தக் கரைசலாயினும் காற்று வரும் திசைக்கு முதுகு காட்டி, மூக்கையும் வாயையும் துணியால் மூடி அடிக்க வேண்டும். சோளகம் பலமாக வீசும் மாதங்களில் காற்று ஓயும் விடியற்பொழுது தவிர வேறு நேரத்தில் அடிப்பது வீண்செலவு.

மாரியில் முருங்கை

கார்த்திகை, மார்கழி மழைநாள்களில் வேப்பஞ்சாறு இலையில் நிற்காது. நல்ல வேளையாக, சிற்றுண்ணியும் பனிப்பூச்சியும் அழுக்கணவனும் அடைமழையில் தாமே குறைந்துவிடும். அந்நாளில் தொல்லை முருங்கை மயிர்க்கொட்டிதான். இரவில் மேலே ஏறி இலையைத் தின்றுவிட்டு, பகலில் அவை அடிமரத்தில் கம்பளித் துண்டு போலக் கூட்டமாக ஒட்டிக் கிடக்கும். காவோலையில் சூள் கட்டிக் கொளுத்தும் பழைய வழக்கத்தில் மரத்தின் பட்டையும் வேகிறது. கிடுகு வேலி அருகில் இருந்தால் அதுவும் ஆபத்து. லீற்றருக்கு 20 கிராம் என்ற கணக்கில் கட்டிச் சவர்க்காரத்தைக் கடுமையாகக் கரைத்து, நீண்ட தடியில் கட்டிய சீலையால் அந்தக் கூட்டத்தின்மேல் தோய்த்து ஒற்றினால், ஒரே முறையில் நூற்றுக்கணக்கானவை விழுந்துவிடும். இது அடிமரத்துக்கு மட்டுமான அளவு, இலைக்கு ஆகாது. செத்த மயிர்க்கொட்டியின் மயிரும் உடம்பில் பட்டால் தினவெடுக்கும். ஆகவே விழுந்தவற்றை மண்வெட்டியால் கூட்டிக் குழியில் புதைத்துவிட்டு, மழை ஒருமுறை மரத்தைக் கழுவிய பின்னரே பிள்ளைகளை முருங்கையிலை ஒடிக்க அனுப்ப வேண்டும்.